மாயக்காள் ஏறிய பிளஷர்

…நாறுகிறது என்றான், அத்தனை பேர் முன்னிலையில் அந்தச் சொல்லைத்தான் சொன்னான், இவள் கை மண்ணெண்ணெய் நாற்றம் நாறுகிறது, பிசைந்து வைத்தால் ஒரு கவளம் இறங்க மாட்டேன் என்கிறது, என்று சொல்லிவிட்டுத் துரும்பைக் கிள்ளி நீட்டினான், இவளும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள், வாங்கியதோடு அத்துப்போயிற்று, எட்டு வருஷத்துக் குடித்தனம்… இப்போது பார், அவனே பக்கத்தில் தன் வண்டியோடு நிற்கிறான், எச்சில் துப்பினால் விழுகிற தூரத்தில், வெளுத்த வேட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு, மீசைக்கு எண்ணெய் வேறு. நில்லு, நன்றாக நில்லு பேயாண்டி. இன்னும் சற்று நேரத்தில் அந்த மீசை எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்துவிடுகிறேன். மாயக்காள் பின் ஆசனத்தைக் கழற்றிப் போட்ட தன் பிளஷர் காரின் வெறும் பலகையில் குந்தியிருந்தாள், முன்னால் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி அவள் தம்பி காளை, பக்கத்தில் பேயாண்டியின் பிளஷர், இரண்டும் ஒரே கம்பெனி வண்டி, இரண்டும் செக்கானூரணி தாண்டிய நேர்ரோட்டில் பாலத்துப் பக்கத்தில் மூக்கைச் சரியாக வைத்து நின்றன. ரோடு அந்தக் கோடி மைல்கல் வரைக்கும் கயிறு பிடித்தது போல் கிடந்தது. ஓரத்துப் புளியமரமெல்லாம் ஆட்கள். மைல்கல்லை முதலில் தாண்டுகிறவன் உசிலம்பட்டிச் சந்தையில் வாடகைக்கு வண்டி போடலாம், தோற்றவன் சந்தைப் பக்கமே வண்டியைக் கொண்டுவரக் கூடாது, இதுதான் பேச்சு, பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த பேச்சு. சந்தை போனால் அவனுக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது? கொளுத்துகிற வெயிலில் புதுப் பெண்டாட்டி செல்லத்தாயோடு நடந்தே போகட்டும் என்று அவள் மனம் கறுவியது.

மண்ணெண்ணெய் ஏன் நாறியது, அதைக் கேட்டானா ஒருவனாவது? கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்களே, ஒரு வாய் கேட்டிருக்கலாமே, பொம்பளை கையில் எப்படியப்பா மண்ணெண்ணெய் வந்தது என்று… அவனுக்கு சந்தைக்குப் போய்வந்தால் உடம்பு வலிக்கும், கட்டிலில் விழுவான், ஏ மாயக்கா, அந்த வால்வைக் கொஞ்சம் அரைச்சு வச்சிரு என்பான், முதலில் கொஞ்சம் என்றுதான் ஆரம்பித்தது. கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வால்வின் தண்டைக் கோலில் மாட்டி, மணல் பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும், மோர் கடைகிற மாதிரிதான், ஆனால் மோரில் வெண்ணெய் திரள்வது கண்ணுக்குத் தெரியும், இதில் தெரியாது, காதால்தான் தெரியும், கரகரவென்று இருந்தது மெல்ல மெல்ல வழவழவென்று ஆகும், அப்போது நிறுத்த வேண்டும், ஒரு சுற்று கூடினாலும் கெட்டது. பிறகு மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்ப்பாள், ஒரு பொட்டுக் கசிந்தாலும் மறுபடி உட்காருவாள். வால்வைத் தூக்கிவிடுகிற டாப்பெட்டின் இடுக்கில் தபால் அட்டையைச் செருகிப் பார்ப்பாள், அட்டை இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவன் செய்வதைப் பார்த்தாள், அவன் அவசரத்தில் விட்டதையும் பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பான், வேகப் பேயாண்டி, மதுரைக் காளவாசல் ஸ்டாண்டில் கால் வைத்தால் போதும், டீக்கடையில் எழுந்து நிற்பார்கள். இவளும் சிரித்தாள் அப்போது, புருஷன் பேரெடுத்தால் பெண்டாட்டிக்கும் அதில் பங்கு என்று நினைத்த புத்திகெட்டவள்.

பிறகு செல்லத்தாய் வந்தாள், மஞ்சளும் மல்லிகையுமாக, அவள் கை நாறாது, எப்படி நாறும், அது எதைத் தொட்டது? சரி, நாறட்டும், இந்த நாற்றத்தாலேயே உன்னை ரோட்டை விட்டு இறக்குகிறேன் என்று அன்றைக்கே மாயக்காள் மனசுக்குள் முடிந்துகொண்டாள். அப்பன் எழுதிவைத்த மானாவாரிக் காட்டைக் கொடுத்துவிட்டுக் காளவாசலில் துரு ஏறிக் கிடந்த இந்தப் பிளஷரை வாங்கி வந்தபோது ஊரே சிரித்தது, காளைக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியை, ஹெட்டை, கழற்றி மதுரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தை இழைக்கச் சொன்னாள், பட்டறைக்காரன் எதற்கம்மா என்றான், உள்ளே இடம் குறைந்தால் வெடி பலமாக வெடிக்கும் என்றாள், அவன் இழைத்துக் கொடுத்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற ஜெட் துளையை ஊசியால் நோகாமல் பெரிதாக்கினாள். புகைக்குழாயை நடுவில் அறுத்தாள். மட்கார்டு, மேல்கூடு, பின் ஆசனம் எல்லாம் கழன்று கொட்டகை மூலைக்குப் போயின. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வசவு, இது நீ கூட்டத்தில் சொன்ன சொல்லுக்கு, இது தலையாட்டினவர்களுக்கு, இது மஞ்சள் பூசிய கைக்கு, திட்டாமல் முறுக்கிய திருகு ஒன்றுகூட இந்த வண்டியில் இல்லை. நேற்றுக்கூட காளை, அக்கா, நீ எறங்கிக்க, ஆள் கனம் எதுக்கு, நான் பாத்துக்கிறேன் என்றான். எதைப் பார்த்துக்கொள்வான்? எஞ்சின் கதறினாலும் கியரைப் போடாமல் அழுத்திக்கொண்டே இருப்பான், காது கிடையாது அவனுக்கு. "வலது தோள்ல தட்டுனா கியரப் போடு, இடது தோள்ல தட்டுனா வளையத்தடிக் குச்சிய இழுத்து ஸ்பார்க்க ஏத்து. தட்டாம ஒண்ணும் செய்யாத" என்றாள். சரிக்கா என்றான், நல்ல பிள்ளைதான், முகத்தில் மட்டும் ஒரு சுணக்கம்.

இன்னும் என்ன பேச்சு, பந்தயத்தைத் தொடங்கிவைக்க வந்த இந்தப் பெரியவர் நல்லகாமனுக்கு? துண்டை ஆட்டிவிடுகிற வேலை, அதற்குள் மனிதர் சாமி கும்பிட்டு, நியாயம் பேசி, வெற்றிலைச் சாறைத் துப்பி… எஞ்சின் இழுக்கிற இழுப்பில் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று தண்ணீரை ஆற்றுகிற காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தாள், ஓடினால் எதிர்காற்று போதும், நின்றால் தண்ணீர் கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி ஏற்கெனவே எட்டிப் பார்த்தது. ஆட்டித் தொலையுமய்யா. பேயாண்டிக்கு அவசரமே இல்லை, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், "என்ன மாயக்கா, நீயும் ஏறிட்டியா? ஏறு, ஏறு, உன் கனம் எனக்குத்தான லாபம்" என்றான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும், இத்தனை நாள் சேர்த்ததை வாயால் செலவழிக்கவா இங்கே வந்தேன்? காளையின் வலது தோளுக்கு மேல் கையை உயர்த்தி வைத்துக்கொண்டாள், பயமா என்று தன்னையே கேட்டாள், இல்லை, பசி, மூன்று வேளை சோறு வைத்தாலும் அடங்காத பசி. நல்லகாமன் துண்டைக் கீழே வீசினார்.

தரை உதைத்தது, முதுகு பின்னால் போய்ப் பலகையில் மோதியது, புழுதி, புகை, பேயாண்டியின் வண்டி முன்னால், ஐயோ முன்னால், ஒரு சக்கரம் முன்னால், பதறாதே, காதைக் கொடு, எஞ்சின் மேலே மேலே போகிறது, குரல் கட்டப் போகிறது, இப்போது, தட்டினாள், காளை போட்டான், வண்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு தாவியது, இடது தோளைத் தட்டினாள், ஸ்பார்க் ஏறியது, வெடியின் சத்தம் இறுகிற்று, ஆகா, அதுதான், அந்தச் சத்தம்தான், மறுபடி வலது தோள், கடைசிக் கியர், புளியமரங்கள் ஒட்டிக்கொண்டு ஓடின. இப்போது இரண்டும் ஜோடி. பேயாண்டியின் எஞ்சின் அவள் வலது காதுக்குப் பக்கத்திலேயே கத்தியது, அந்தக் கத்தலுக்குள் ஒரு விக்கல், மூன்றாவது சிலிண்டர், வால்வு சரியாக உட்காரவில்லை, காற்று கசிகிறது, இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த கசிவில்லை, இவள் அந்தக் கொட்டகையை விட்டு வந்த நாளிலிருந்து ஒருவரும் அதைத் திறக்கவில்லை. ஒருவருமே. அவன் மிதிக்கிறான், பல்லைக் கடித்து மிதிக்கிறான், வண்டி என்ன செய்யும், அவன் வேகம் எப்போதுமே மிதிப்பதில் இருந்ததில்லை, அது அவனுக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அப்படியானால் வேகப் பேயாண்டி யார்? டீக்கடையில் எழுந்து நின்றார்களே, யாருக்கு எழுந்து நின்றார்கள்? இவள் தாண்டினாள். தாண்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் கண்டு வைத்த கனவு அது, ஆனால் அவள் பார்த்தது அவன் வண்டியின் பானெட்டை, உள்ளே கிடந்து விக்குகிற அந்த மூன்றாவது சிலிண்டரை, சே, இப்படியா விட்டுவிடுவது ஒரு எஞ்சினை என்று வாய்விட்டே சொன்னாள், ஏன் சொன்னோம் என்று தெரிவதற்குள் மைல்கல் போய்விட்டது.

ஜெயித்துவிட்டாள். கூட்டம் ஓடி வந்தது, காளையை அப்படியே வளையத்திலிருந்து பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டார்கள், வேகக் காளை, வேகக் காளை என்று ஒருவன் ஆரம்பிக்க எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், பேயாண்டி மண்ணைக் கவ்வினான், இனி சந்தையில் காளை வண்டிதான். காளை வண்டியா? பேயாண்டி தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான், மீசையைத் தொடக்கூட இல்லை, பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அவள் கண் அந்தப் பக்கம் நிற்கவில்லை. காளைக்கு வாயெல்லாம் பல். "எப்பிடிடா மாப்ள இந்தப் பறப்புப் பறந்த?" என்று எவனோ கேட்டான். காளை துண்டை உதறித் தோளில் போட்டான், பேயாண்டி போடுவானே, அதே உதறல், அதே தோள், அவள் சற்று முன் தட்டிய தோள். "அது கையில இருக்குண்ணே. எல்லாருக்கும் வந்துராது" என்றான். கையிலா? எந்தக் கையில்? வேண்டுமென்று சொல்லவில்லை, தெரிந்தே சொல்லவில்லை, அவன் மனசார நம்புகிறான், அதுதானே எரிகிறது. "அக்கா, எறங்கி வாக்கா, எளநி குடி" என்று மேலே இருந்தபடியே கத்தினான். வாரேன் என்றாள். இறங்கினாள். கூட்டத்துப் பக்கம் போகாமல் முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கினாள், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிசிறு இல்லை, நாலு சிலிண்டரும் ஒரே சீராக, இப்படி ஒன்று இந்தச் சீமையிலேயே இல்லை. கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று உள்ளே திருப்பினால் போதும், பெட்ரோல் குறையும், வண்டி சோம்பிப்போகும், நாளைக்கே சந்தை ரோட்டில் கட்டை வண்டியோடு போகும், ஏன் என்று காளைக்குச் செத்தாலும் தெரியாது, அவன்தான் காதில்லாதவன் ஆயிற்றே… கூடப்பிறந்தவன், சின்ன வயசில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவன், அவன் மேலா? குனிந்து பார்த்தாள். விரல் திருகின் மேல் இருந்தது, சூடு சுரீரென்று ஏறியது, எப்போது வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை, இளநீரைச் சீவிக்கொண்டு யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் விரலை இன்னும் எடுக்கவில்லை.