கட்டைவிரல்

தம்பியின் சட்டைக் கையில் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. அலமாரிக்குள் கிடந்த அவனுடைய போன் மறுபடி அலறத் தொடங்கியது. காலையிலிருந்து இதே கூத்துதான். ஆபீஸில் ஏதாவது கோளாறு என்றால் அடிக்கிற தனி மணி அது. பொறுப்பில் இருப்பவன் எடுத்து ஒரு தட்டுத் தட்டும்வரை ஓயாது. பொறுப்பில் இருந்தவன் நேற்று மாலை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வயது சாகிற வயதா? கேட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அக்காவுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்யப் போன காரிலும் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் இவன். அக்கா பிசியோதெரபி செய்பவள். ஊரில் இருக்கிறவர்கள் கைகாலையெல்லாம் நிமிர்த்திவிட்டாள், தம்பியின் இந்த ஒரு கையோடுதான் அவளால் மல்லுக்கட்டி ஜெயிக்க முடியவில்லை. வலது மணிக்கட்டை அவள் பிடித்துவிடும்போதே இடது கையால் தட்டிக்கொண்டிருப்பான்.

மலர்வளையத்தை வைத்துவிட்டு மேனேஜர் ஓரமாக நின்றார். முகம் வாடித்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் கண் அலமாரிப் பக்கம் போய்வந்தது. கடைசியில் குனிந்து, அக்காவின் காதோரம் பேசினார்.

"மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். சிஸ்டம் மொத்தமா படுத்துருச்சு. அவர் போன் திறந்தாத்தான் நாங்க உள்ளயே போக முடியும். கட்டைவிரலை ஒரு தடவை வச்சு எடுத்தாப் போதும்."

யாருடைய கட்டைவிரல் என்பது அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேற ஆளே இல்லையா உங்ககிட்ட?"

"இவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது மேடம்."

"கூட ஒரு ஆளைப் போடுங்கன்னு ரெண்டு வருஷமா உங்ககிட்ட கெஞ்சினானே."

"கிடைச்சாப் போட மாட்டோமா? நல்ல ஆளுக்கு இப்போ அவ்வளவு டிமாண்டு."

அந்தக் கடைசி வார்த்தை சித்தப்பாவை நாற்காலியோடு முன்னுக்கு இழுத்தது. அவர் மகள் தம்பி படித்த அதே கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். நல்ல கெட்டிக்காரி, வேலைக்கு அஞ்சாதவள் என்றெல்லாம் மேனேஜருக்கு எடுத்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ இவன் இடம் காலிதானே சார்?" என்றார்.

"இன்னும் வண்டி கூட வரலை சித்தப்பா," என்றாள் அக்கா.

 அவர் ஏதாவது உபகாரம் செய்யலாமே என்று எழுந்து போய்ப் போனை எடுத்துவந்தார். அது அவர் கையிலும் அலறியது.

அப்பா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். இந்தப் படிப்பை மகனுக்குத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். உலகம் இருக்கிறவரைக்கும் இதற்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், மற்றவன் வேலையைத் தேடிப் போவான், என் பையனை வேலை தேடி வரும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர். இப்போது மகளைப் பார்த்துச் சொன்னார்.

"வச்சுக் குடுத்துடும்மா. கடைசி நேரத்துல அவன் பேரு கெட வேண்டாம்."

அக்கா தம்பியின் வலது கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். எத்தனையோ முறை சொடுக்கெடுத்துவிட்ட விரல். கல்லாக இருந்தது.

"இவன் கையை யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்பா. வேலை தேடி வரும்னு சொன்னீங்களே, வந்து நிக்குது பாருங்க."

அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

மேனேஜர் அவளை விட்டுவிட்டார். அப்பாவின் அருகில் போய், எல்லாரும் இரண்டு கட்டைவிரலையும்தான் பதிந்து வைப்பார்கள், இடதும் போதும் என்று பணிவாகச் சொன்னார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். மகனின் இடது பக்கமாக நடந்தார். மேனேஜர் முகத்தில் உயிர் வந்தது. சித்தப்பா போனை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனார்.

அக்காவால் எழுந்து அந்தப் பக்கம் போக முடியவில்லை. போனால் இந்தக் கையை விட வேண்டும்.

அப்பா சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். மகனின் இடது கையை எடுத்தார். சித்தப்பா போனை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் விரல் நுனிகூடத் தெரியாமல் மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சித்தப்பா கையில் பிடித்தபடி நின்றார்.