டொக்டர் ஒடியல்

இது மா மணம் இல்லை. மா என்றால் கோதுமை மா, பைக்கற்றை வெட்டியதும் வருகிற வெறும் மணம். அந்தக் காளானின் மணத்தில் ஒரு கைப்பு இருந்தது. அதை எப்படிச் சொல்லுவது?

ஜெயகௌரி யோசித்தாள். பெனிற்றாவின் சமையலறையில், மடிக்கணினிக்கு முன்னால், தேநீர்க் கோப்பையோடு இருந்தாள்.

மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெனிற்றாதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைக் காளான் குழுவை நடத்துபவர். குழுவில் ஏழு பேர். புலம்பெயர்ந்து வாழும் ரெய்னர்ஸ் லேனில் பஸ் ஏறிக் காட்டுக்குப் போவார்கள்; கண்டதைப் படமெடுத்து, நிறம், அளவு, மணம் என்று படிவம் நிரப்புவார்கள். போன ஒக்டோபரில், விழுந்துகிடந்த ஓக் மரத்தடியில் சில சாம்பல்நிறக் காளான்கள் நின்றன.

"வழமையான சாமான், விடும்," என்று பெனிற்றா நடந்துவிட்டார்.

ஜெயகௌரி மட்டும் குனிந்து முகர்ந்தாள். வழமையான சாம்பல் காளானுக்கு மணமே கிடையாது. இதற்கு, ஊரில் ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கை இடித்த மாவின் மணம் அப்படியே இருந்தது. படிவத்தில் மணம் என்ற இடத்தில் யோசிக்காமல் 'ஒடியல்' என்று ஆங்கில எழுத்தில் எழுதி, ஒன்றைப் பிடுங்கிக் காகிதப் பையில் போட்டாள்.

பை ஆய்வுகூடத்துக்குப் போனது. மரபணு எதனோடும் பொருந்தவில்லை. இதுவரை எவரும் எழுதிவைக்காத இனம் என்று இப்போது பதில் வந்திருந்தது.

"ஆய்வாளர் பாவம்," பெனிற்றா சிரித்தார். "ஒடியல் எண்டது அந்த மணத்தை முதல் விவரிச்ச ஆரோ விஞ்ஞானியாக்கும் எண்டு ரெண்டு நாள் தேடினவராம். டொக்டர் ஒடியல் எங்க வேலை செய்யிறவர் எண்டு கேட்டு எழுதியிருக்கிறார்."

"தமிழ்க் கடையில, கருவாட்டுக்குப் பக்கத்தில எண்டு எழுதுங்கோ அக்கா."

"பகிடி இருக்கட்டும். இந்தக் காளானைப் பற்றின அவற்ற கட்டுரை நாளைக்கு ஆய்விதழுக்குப் போகுது. ஒடியலை 'மா மணம்' எண்டு மாத்தட்டோ எண்டு கேக்கிறார். எல்லாக் காளான் புத்தகத்திலயும் இருக்கிற சொல்தானே. கண்டுபிடிச்சது நீர் எண்டபடியால் உம்மட சம்மதம் வேணுமாம்."

மாற்றிச் சொல்வது ஜெயகௌரிக்குப் புதிதல்ல. வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் பெயர் 'ஜே'. வீட்டில் கோபத்தைக் களைப்பு என்பாள், விருப்பமில்லை என்பதைப் பிறகு பார்ப்போம் என்பாள். இருபது வருடம் சுமுகமாகத்தான் போயிருக்கிறது. அதில் பெரிய துக்கமும் இல்லை. ஆனால் அன்று ஈர இலைகளில் முழங்காலூன்றி நின்றபோது, மனதில் வந்த சொல்லையே கையும் எழுதியது. அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சந்தோஷம் இத்தனை மாதமாக அவளிடம் குறையாமல் இருந்தது.

"மா மணக்கிற காளான் நூறு இருக்கு அக்கா. இது அதில ஒண்டில்லை."

"விளங்குது. ஆனா ஒடியல் ஆருக்குத் தெரியும் கௌரி?"

"எனக்குத் தெரிஞ்சபடியால்தானே பையில போட்டனான்."

பெனிற்றா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன. "அப்ப என்ன எழுத? ஓம் எண்டு போடட்டே?"

"இல்லை அக்கா," என்றாள் ஜெயகௌரி மெதுவாக. "மாத்த வேண்டாம்."