மோனோ பட்டன்

சவுண்டு மிக்ஸருக்கு முன்னால் நின்று நின்று என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். பாட்டு நன்றாக இருந்தால் பாடகிக்குக் கைதட்டல், காதைக் கிழித்தால், "யாருய்யா அந்த சவுண்டுக்காரன்?" போகட்டும், அது பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: எங்கள் கிட்டார்காரனின் ரிவர்ப், அந்த எதிரொலி.

கிட்டார்காரன் என் தங்கை புருஷன். ஞாயிறு மதியங்களில் இந்த ஹோட்டல் ஹாலில் வாசிக்கும் எங்கள் குழுவில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். நல்ல கைக்காரன். ஆனால் கொஞ்ச காலமாக எதிரொலியைக் கூட்டிக்கொண்டே போகிறான். ஒரு சுரத்தைத் தட்டினால் அது சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டு மாப்பிள்ளையாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமையும் இப்படிக் கிணத்துக்குள்ள இருந்து வாசிச்சான்னா வேற ஆள்தான். ஆளும் பார்த்தாச்சு."

அதை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். "சரி மச்சான்" என்றான். ஞாயிறு காலை ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தால், முன்னைவிட அதிகம்! எனக்கு அலுத்துப்போனது. மைக்கை எடுத்தேன்.

"மாப்ள, ரிவர்பைக் குறைடா."

"எங்க மச்சான் ரிவர்பு இருக்கு? எனக்குக் காஞ்ச கட்டையாட்டம்ல கேக்குது."

"நான் ஒரு மாசமா கத்துறதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கா?"

"விடுங்கண்ணே, தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன" என்று டிரம்காரன் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

திமிர் என்றுதான் நினைத்தேன். வீட்டிலும் இப்படித்தானாம். "கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்குறதில்லண்ணா, என்ன கோவம்னே தெரியல" என்று தங்கை போனில் அழுதிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, எல்லோரும் டீ குடிக்கப் போனதும் மேடையேறினேன். அவன் மட்டும் உட்கார்ந்து தந்தி மாற்றிக்கொண்டிருந்தான். வாசிக்கும்போது எங்கள் ஒலியைக் கேட்க அவன் மாட்டிக்கொள்ளும் இயர்போன் கழற்றிக் கிடந்தது; அதை என் காதில் மாட்டி, கிட்டாரை ஒரு தட்டுத் தட்டினேன்.

ரிவர்ப் இல்லை. பையன் பொய் சொல்லவில்லை, காய்ந்த கட்டையேதான்.

அப்போதுதான் அவன் காலடியில் இருந்த, இயர்போன் செருகும் சின்னப் பெட்டியைப் பார்த்தேன். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும் மோனோ பட்டன் அமுக்கியிருந்தது. அட, கெடுத்தியே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவனுடைய ரிவர்ப் பெட்டிக்கு இடது, வலது என்று இரண்டு வாய். கிட்டாரின் நேர் ஒலி இரண்டிலும் ஒரே மாதிரி வரும். எதிரொலியை மட்டும் வலது பக்கம் தலைகீழாக்கி அனுப்பும். இந்தப் பக்கம் முன்னே தள்ளும்போது அந்தப் பக்கம் பின்னே இழுக்கும். இரண்டு ஸ்பீக்கரில் தனித்தனியாகக் கேட்டால் ஹாலே அகலமானது போலிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தாலோ, எதிரொலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது வெறும் கிட்டார். அவனுக்கு ரிவர்ப் கேட்கவே இல்லை, அதனால் திருகித் திருகி ஏற்றியிருக்கிறான். மூழ்கியது நாங்கள்.

"ஏன்டா இந்தப் பட்டனை அமுக்கின?"

பதில் இல்லை. குனிந்து, வலது காதைக் கிட்டார் கட்டையில் ஒட்டவைத்துத் தந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தான். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அப்போதும் இல்லை. சுற்றிக்கொண்டு அவன் வலப்பக்கம் போய், "மாப்ள" என்றதும் தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. எனக்கும்தான்.

"எந்தக் காது?" என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்தான். "இடது. ஒருநாள் காலைல எந்திரிச்சா கேக்கல. இனிமே வராதுன்னுட்டார் டாக்டர். இயர்போன்ல மாஸ்டர் கீபோர்டு இடது பக்கமாத்தான் வருது மச்சான், எங்க ஆரம்பிக்கிறார், எங்க விடுறார்னே தெரியல. அதான் ரெண்டையும் ஒண்ணாக்கினேன்."

"தங்கச்சிக்கு?"

"தெரியாது. மாஸ்டர்கிட்டயும் சொல்லிடாத. ஒத்தக் காதுக்காரனை யாரு வெச்சுக்குவா?"

சங்கு என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. அவன்மேல் கோபமும் வந்தது, அவள் அங்கே கிடந்து அழுகிறாளே என்று. திட்ட நேரமில்லை. மிக்ஸருக்கு ஓடி, அவன் காதுக்குப் போகிற பாதையில் கிட்டாரின் வலது பக்கத்தை மட்டும் அடைத்தேன்; தின்ன ஜோடி இல்லாவிட்டால் எதிரொலி பிழைத்துக்கொள்ளும். ஹாலுக்குப் போவதைத் தொடவில்லை. "இப்ப தட்டு" என்றேன்.

தட்டினான். முகம் வெளிறிப்போனது. "ஐயோ, இவ்வளவா இருந்துச்சு!" என்று அவனே ரிவர்பைத் திருகிக் குறைத்தான்.

மதிய நிகழ்ச்சியில் கிட்டார் ஒவ்வொரு சுரமாகத் தெளிந்து வந்தது. நடுவில் மாஸ்டர் ஒருமுறை திரும்பி அவனைப் பார்த்தார். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாத மனுஷன் அவர். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவனுடைய இடப்பக்கமாக வந்து தோளில் கைபோட்டு, காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நான் ஹாலின் மறுகோடியில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சிரித்துத் தலையாட்டியதைப் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவன் நேரே என்னிடம் வந்தான். உதடு உலர்ந்திருந்தது.

"என்ன சொன்னார் மச்சான்?"

"என்னைக் கேட்டா? உன்கிட்டதானடா சொன்னார்!"

"இந்தக் காதுல சொல்லிட்டார்."

"சிரிச்சியே?"

"வேற என்ன பண்றது?"

இருக்கச் சொன்னாரோ, கிளம்பச் சொன்னாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "இரு, நானே போய் நைசாக் கேட்டுட்டு வரேன்" என்று வயரைக் கீழே போட்டேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"வேணாம். எத்தனை நாளைக்கு நீ எனக்குக் காதா இருப்ப? எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சே எனக்கு அலுத்துப்போச்சு மச்சான்."

மாஸ்டர் கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். இவன் போய் அவர் முன்னால் நின்றான்.

"மாஸ்டர், எனக்கு இந்தக் காது போயிடுச்சு. நீங்க சொன்னது எதுவும் கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்றீங்களா?"

ஜிப் பாதியில் நின்றது. மாஸ்டர் அவனைப் பார்த்தார், தூரத்தில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். இந்த முறை எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அடுத்த வாரமும் இப்படியே வாசின்னேன். அந்தக் காதுல சொன்னதுதான் இந்தக் காதுலயும்."

மாப்பிள்ளை தலையாட்டினான். சிரிக்கவில்லை, அழுதான்.