யாருடைய நாளும் இல்லாத நாள்

ஜெகதாப்பட்டினத்துக் கடலில் ஒரு கட்டுப்பாடு உண்டு, கண்ணுகளா. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஒரே நாளில் இரண்டும் இறங்கினால் வலை அறுபடும், மனமும் அறுபடும்.

ஒருநாள் அறுபடத்தான் செய்தது. கரைக்குத் திரும்பத் தாமதித்த விசைப்படகு ஒன்று, பாசிலாவின் அத்தா நாட்டுப்படகிலிருந்து விரித்திருந்த வலையைக் கிழித்துக்கொண்டு போனது. ஓட்டியவர் இலக்கியாவின் அப்பா. ஒரே டப்பாவில் சாப்பிட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் பள்ளி மைதானத்தில் சடையைப் பிடித்து உருண்டார்கள்.

"இன்னொரு சண்டைன்னா ரெண்டு பேருக்கும் டி.சி.தான்" என்றார் தலைமையாசிரியர்.

பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்த சொர்ணவல்லி அப்போதுதான் புதுக்கோட்டையில் சமாதானப் பயிற்சி முடித்து வந்திருந்தாள். எதிரெதிரே உட்கார வை, முடிவை அவர்களே எடுக்கட்டும், நீ நுழையாதே என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தாள்.

"பேசி முடிச்சிட்டோம் மிஸ். இனிமே சண்டையே வராது" என்றாள் இலக்கியா. என்ன முடிவென்று சொர்ணவல்லி கேட்கவில்லை. நுழையக் கூடாதல்லவா?

திங்கட்கிழமை பாசிலாவைக் காணோம். செவ்வாய் இலக்கியாவைக் காணோம். புதன், மறுபடி பாசிலா இல்லை. வியாழனன்று பாசிலாவை வாசலிலேயே மறித்தாள் சொர்ணவல்லி.

"நேத்து ஏன்டி வரல?"

"நேத்து அவ நாளு மிஸ். இன்னைக்கு என் நாளு."

"பள்ளிக்கூடம் என்ன கடலாடி?"

"கடல்ல பெரியவங்க இப்புடித்தானே மிஸ் சமாதானம் பண்ணிருக்காங்க?"

சண்டை இல்லை, உண்மைதான். "ட்ரெய்னிங் வீண் போகல" என்று தலைமையாசிரியரே மெச்சினார். ஆனால் பாதி நாள் வராத பிள்ளைகள் பரீட்சை எழுதுவது எப்படி? முடிவை உடைத்தால் சண்டை, விட்டால் படிப்பு போகும். பயிற்சி கொடுத்த ஆத்மநாதனுக்குப் போன் போட்டாள் சொர்ணவல்லி.

"அவங்களே எடுத்த முடிவுதானேம்மா? அப்பச் சரிதான்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "சரியில்லையோ?" என்று அவளிடமே கேட்டார்.

வெள்ளியன்று காற்று கிளம்பியது. எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாதென்று அறிவிப்பு வந்தது. பள்ளி கேட்டின் அங்கிட்டு ஒருத்தி, இங்கிட்டு ஒருத்தி. இருவருமே உள்ளே நுழையவில்லை.

"வெள்ளிக்கெழம ஒன் நாளுதானே, போடி" என்றாள் இலக்கியா.

"கடலையே அடச்சிட்டாங்க. இன்னைக்கு யாரு நாளும் இல்ல."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

"நீ எதுக்கு வந்த?"

இருவரும் சொர்ணவல்லியைப் பார்த்தார்கள். "மிஸ், இன்னைக்கு யாரு உள்ள போகணும்?"

பயிற்சியில் கேட்டதையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. "எனக்கும் தெரியலடி" என்றாள்.

மிஸ்ஸுக்கே தெரியவில்லை என்றதும் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். இலக்கியா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "வல தச்சாச்சா?"

"எங்க? இந்தக் காத்துல சுருட்டி வச்சிருக்கு."

மணி அடித்தது. முன்னும் பின்னுமாக உள்ளே போனார்கள். ஒரே பெஞ்ச், நடுவில் மட்டும் ஒரு பை.

நாளைக்குச் சனி, பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டு; யார் வருவார்களோ? இந்தக் காற்று இன்னும் ரெண்டு நாள் அடித்தால் தேவலை என்று சொர்ணவல்லி நினைத்தாள். உடனே, படகு போகாத வீட்டில் உலை ஏது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.