நுரை அட்டையில் ஒரு கோடு

பத்தேகாலுக்கு ரம்பம் உதைத்தது. வேறெதையும் பார்க்கப் பயந்து அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அதனால் நேரம் தெரிந்தது.

பாதிப் பலகை வரைக்கும் எப்போதும்போல ஓடியது. பலகையின் மேல் நீளமான அலுமினியத் தண்டவாளம், அதன் மேல் வட்டப் பிளேடு சுழலும் மின்ரம்பம். தள்ளினால் போதும், கோடு கோணாது. திடீரென்று சத்தம் மாறியது. தண்டவாளம் ஒரு பக்கம் நகர்ந்தது. ரம்பம் வெட்டிலிருந்து ஏறி, அவருடைய இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் போனது. பின்னால், மரத்தூளை உறிஞ்சும் தூசிக் குழாயைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்த சகலை தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மணிக்கட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி பிளேடு சுற்றி ஓய்ந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றான் சகலை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இருவரும் சேர்ந்துதான் அலமாரி செய்கிறார்கள். அவர் ஓட்டுவார். குழாய் எங்காவது மாட்டி ரம்பத்தை இழுத்துவிடக் கூடாது என்று இவன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். கூரையிலிருந்து ஒரு கம்பியில் தொங்கவிட்டாலே போதும், மற்ற பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இவர்களுக்கு இது பழகிவிட்டது. நடந்துகொண்டே பேசலாம். ரம்பம் உதைத்தால் பின்பக்கமாகத்தான் வரும் என்பது இருவருக்கும் தெரியும். இதுவரை உதைத்ததில்லை.

சகலை எழுந்து முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு ரம்பத்தைத் தூக்கி மேஜையில் வைத்தான். "நம்ம மாமனார் மாதிரியே இருக்கு. நல்லாப் பேசிக்கிட்டே இருப்பாரு, திடீர்னு பாய்வாரு."

அவர் சிரித்தார். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார். விரல்கள் இருப்பது தெரிந்தது. எது எந்த விரல் என்று தெரியவில்லை.

கொஞ்ச நாளாகவே கை இப்படித்தான் மரத்துப்போகிறது. வரும், போகும். போன வாரம் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. டம்ளர் வழுக்குகிறது என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்த மாதிரி இரண்டு முறை கழுவி வைத்தாள். சகலையிடம் சொல்லியிருக்கலாம். அவனிடம் சொன்னால் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் அக்காவுக்கு. இரவுச் சோறு இறங்குவதற்குள் இரண்டு வீட்டிலும் அவர் கை ஒரு பேச்சாகிவிடும். அப்புறம் ரம்பத்தை யாரும் தொடவிட மாட்டார்கள். அது இல்லாமல் அவருக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை.

ரம்பத்தில் கோளாறு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேண்டிக்கொண்டது.

சகலை மூலைமட்டம் எடுக்க உள்ளே போனான். அவர் பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அடியில் நுரை அட்டை. பலகை முழுவதும் தாங்கலாக இருக்கவும், பிளேடு மேஜையைக் கடிக்காமல் இருக்கவும் போடுவது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதில் ஒரு கோடு விழும், நகக்கண் ஆழத்துக்கு, ஒரே சீராக. இன்றைய கோடும் சீராகத்தான் தொடங்கியது. பாதியில் மெல்ல மேலேறியது. மேலேறி, நூலாகி, இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு நேர் மேலே பலகையைத்தான் பிளேடு கடித்துக் குதறியிருந்தது.

அவருக்குப் புரிந்தது. கைப்பிடியை அமுக்கியிருக்கும் வரை பிளேடு கீழே இருக்கும். அமுக்கம் தளர்ந்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் மேலே தூக்கும். ஓட்டத்தின் நடுவே பிளேடு மேலே வந்தால், பின்பக்கப் பற்கள் மரத்தில் சிக்கும்.

பலகையை இறக்கி வைத்தார். ஏதோ திருடியவர் மாதிரி சகலை போன பக்கம் பார்த்தார்.

சகலை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிளேடின் பற்களில் பிசின் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. ஒரு பல்லில் சாக்பீஸால் குறிவைத்து, அது முன்னால் இருக்கும்போது தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரம், சுற்றிப் பின்னால் கொண்டுபோனால் எவ்வளவு தூரம் என்று அளந்தான். பிளேடு கோணியிருந்தால் இரண்டும் மாறும். மாறவில்லை.

"இன்னொரு தடவை பாரு," என்றார் அவர்.

பார்த்தான். மாறவில்லை. ரம்பத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டினான். ஆடவில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்த்த இடத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, எதிரில் டார்ச் அடித்தான். அவரும் குனிந்தார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சமாவது வர வேண்டும் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வரவில்லை. வெட்டு மூடிக்கொள்ளாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும் இடத்தில்தான் இருந்தது.

"சுத்தமா இருக்கே," என்றான் சகலை. அவனுக்கு அது நல்ல செய்தி.

தானே ஒரு வெட்டு ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். அதே பலகை, பக்கத்தில் இன்னொரு கோடு. அவர் இடது கையால் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். முதல் முறையாக அந்த இடத்திலிருந்து பார்த்தார். ரம்பத்தின் பின்புறம் நேராக அவருடைய கையைப் பார்த்தபடி போனது. இத்தனை நாளும் இவன் இதைப் பார்த்துக்கொண்டேதான் மாமனாரைப் பற்றியும், சினிமாவைப் பற்றியும், மகளுடைய கணக்கு மார்க்கைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்திருக்கிறான்.

வெட்டு கடைசி வரை போனது. ஓரம் வழுவழுவென்று இருந்தது.

"சரி, வாங்க, அடுத்தத நீங்க ஓட்டுங்க." சகலை குழாய்க்காகக் கையை நீட்டினான்.

அவர் தரவில்லை. குழாயைக் கம்பியில் தொங்கவிடலாம், நீ அந்தப் பக்கம் போய் நில் என்றார். எதற்கு என்று கேட்டான். சும்மாதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். கிழிந்து கிடக்கிறது, நுரை அட்டையையும் திருப்பிப் போட்டுவிடலாம், நானே போடுகிறேன், நீ போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றும் சொன்னார். சொல்லும்போதே அதிகமாகப் பேசிவிட்டது தெரிந்தது.

சகலை தண்ணீர் குடிக்கப் போகவில்லை. பலகையின் இரண்டு மூலைகளையும் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். அட்டையின் மேல் குனிந்தான். அவன் ஓட்டிய கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடையது. அதில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்தினான். விரல் பள்ளத்திலேயே போயிற்று, பிறகு ஏறியது, பிறகு அட்டையின் மேல் நின்றது. நின்ற இடத்திலிருந்து திரும்பவும் பின்னால் வந்தான். திரும்பவும் போனான்.

அவர் வலது கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

சகலை தலையை நிமிர்த்தாமலேயே கேட்டான்.

"இங்க நீங்க கைய எடுத்தீங்களா சகல, இல்ல கை அதுவா விட்டுருச்சா?"