பல் டாக்டரின் எச்சில்

ஆய்வகத்தில் சோதனை முடிந்து வந்த எக்ஸ்ரே ஃபிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈறு நோயாளிகளின் எச்சிலைச் சோதித்த வரிசைகளில் கறுப்புப் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. அது சரி. நோயே இல்லாதவருடைய எச்சில், காலியாக இருக்க வேண்டிய வரிசை, அதிலும் அதே கறுப்பு.

பல்லை ஈறோடு பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அதை அரித்துத் தின்கிற என்சைம் ஒன்று நம் உடம்பிலேயே உண்டு. எச்சிலில் அது ஏறினால் ஈறு கெடுகிறது என்று அர்த்தம். அந்த என்சைமை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத்தான் நான் இத்தனை வருஷமாக மல்லுக்கட்டி உருவாக்கியிருந்தேன். அது ஒட்டிய இடம்தான் ஃபிலிமில் கறுப்பாக விழும்.

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், இது கண்டதிலும் ஒட்டுகிறது, நாளைக் கூட்டத்தோடு இதைக் கைகழுவிவிடலாம் என்றார். நோயில்லாத எச்சில் யாருடையது என்றும் கேட்டார். என் அக்காவுடையது, அவள் பல் டாக்டர் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பல் டாக்டரின் வாயைச் சந்தேகப்பட யாருக்குத்தான் தோன்றும்?

எனக்கு விட மனசு வரவில்லை. அக்காவின் எச்சிலுக்குப் பக்கத்திலேயே என் எச்சிலையும் வைத்துச் சோதித்தேன். அவளுடையது கன்னங்கரேல். என்னுடையது வெறுமை. கண்டதிலும் ஒட்டுகிற பண்டம் என்னை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவின் கிளினிக்குக்கு ஓடினேன்.

வாயைக் காட்டச் சொன்னதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்ப்பட்ட பல்லைப் பார்க்கிறவளுக்குத் தன் பல்லைக் கடைசியாகக் காட்டியது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு என் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். கூட வேலை பார்க்கும் டாக்டர், ஈறு பல்லை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் அளவுக்கம்பியை ஈறுக்குள் விட்டார். கடைவாய்ப் பக்கம் அது பாட்டுக்கு உள்ளே போனது. ரத்தம் கசிந்தது.

"நல்லாவே கெட்டிருக்கு," என்றார் அவர்.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். அப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பல்லுக்கு ஆபத்து, நான் கூத்தாடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

பல் போய்விடுமா என்று அவள் சின்னக் குரலில் கேட்டாள். இப்போதே சுத்தம் செய்தால் ஒன்றும் போகாது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரண்டு போயிருக்கும் என்றார் டாக்டர். அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வலிக்கவே இல்லடி. நீ வரலைன்னா தெரிஞ்சே இருக்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமும் தாங்கவில்லை. அங்கேயே நின்று பூதக்கண்ணாடிக்குப் போன் போட்டேன்.

"ஆன்டிபாடி சரியாத்தான் இருக்கு சார். எங்க அக்காதான் சரியில்ல."

அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். நாளைக் கூட்டத்துக்கு இரண்டு ஃபிலிமையும் கொண்டுவரச் சொன்னார், முடிந்தால் அக்காவையும்.