கடலுக்குப் போகாத கனிசியஸ்

கனிசியஸ் கடலுக்குப் போனால் சத்தி எடுப்பான் என்பது குருநகர் முழுவதற்கும் தெரிந்த விஷயம். தகப்பன், சிறியதகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலில் கிடந்து உழைக்க, இவன் மட்டும் படகு ஆடத் தொடங்கியதுமே குடல் வெளியே வருமளவுக்கு ஓங்காளித்துக்கொண்டு கரைக்குத் திரும்புவான். அதனால் கரையிலேயே நின்று மற்றவர்களின் எஞ்சின்களைத் திருத்தினான். எஞ்சினுக்கு அவன் கை ராசியான கை. மனிதனைக் கடலில் இறக்கினால் மட்டும்தான் பழுது.

அப்படிப்பட்டவன்தான் இப்போது ஒரு நாவலின் நூற்றெழுபத்திரண்டாம் பக்கத்தில் படகின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று, கடற்படைக் கப்பலை நேருக்கு நேர் பார்த்து, நெஞ்சில் குண்டு வாங்கிச் சிரித்தபடி செத்துப்போயிருந்தான். நாவலின் பெயர் ‘அலைமேல் நின்றவன்’. எழுதியவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பிரகலாதன். கதைக்குள்ளே நாயகனுக்கு வேறு பெயர்தான். ஆனால் முதற்பக்கத்தில் ‘குருநகர் கனிசியஸின் வீர நினைவுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். ஊருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

கனிசியஸின் மனைவி யசிந்தா மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். புத்தகம் வந்த இரண்டு கிழமைக்குள் சந்தையில் அவளுடைய மதிப்பு எங்கேயோ போய்விட்டது. பாரை வெட்ட வந்த ரீச்சர் ஒருவர், மீன் செதில் ஒட்டிய அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். கனிசியஸின் கூட்டாளி லெனாட் வந்து, அவனுடைய ஓர்மம், அந்த நெஞ்சுரம், தனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். இதே லெனாட்தான் அந்தக் காலத்தில் கனிசியஸைக் கண்டால் வாளியோடு வரட்டுமா என்று கேட்டுச் சிரித்தவன். தன் கண்ணால் கண்டதை அச்செழுத்து வந்து அழித்துவிட்டுப் போனது அவனுக்குத் தெரியவே இல்லை. யசிந்தா மீனின் செட்டையைக் கழித்தாள்.

அவள் கனிசியஸைச் செத்தவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அவனுடைய பிறந்தநாளுக்குப் பூசை கொடுப்பாள். ‘சுகமாகத் திரும்பி வர’ என்றுதான் எழுதிக் கொடுப்பாள். கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்தவர்களின் நாளில், இறந்தவர்களை அடக்கிய சேமக்காலையில் நடக்கும் பூசைக்காகக் குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுக்க, பாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார். யசிந்தாவின் கடுதாசியில் மாமியாரின் பெயர் இருக்கும், தகப்பனின் பெயர் இருக்கும். கனிசியஸின் பெயர் பதினாறு வருஷமாக இருந்ததில்லை. அந்தக் கடுதாசியில் ஏறாதவரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிறான் என்பது அவளுடைய கணக்கு.

பிரகலாதன் இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு கொப்பியோடு வீட்டுக்கு வந்திருந்தார். காணாமற்போனவர்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினால் யாராவது வாசிப்பார்கள், வாசிக்கிற யாராவது கனிசியஸை எங்கேயாவது கண்டிருப்பார்கள் என்று யசிந்தா நம்பினாள். அந்த நம்பிக்கையில், பெற்ற மகளுக்கும் சொல்லாததை எல்லாம் அந்த மனிதருக்குச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வன்னிக் கரையில் இருந்ததைச் சொன்னாள். இரண்டாயிரத்தெட்டில் இயக்கம் எஞ்சின் பார்க்க ஆள் வேண்டுமென்று கனிசியஸை வீட்டில் வந்து பிடித்துக்கொண்டு போனதையும், அவன் இரண்டு தரம் ஓடிவந்ததையும், இரண்டாந்தரம் தறப்பாள் கொட்டிலுக்குள் அடுப்படிக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி அவனை ஒளித்து வைத்ததையும் சொன்னாள். பிறகு, இரண்டாயிரத்தொன்பதில் சண்டை முடிந்த அந்தக் கடைசி நாள். பதினாறு மாதக் குழந்தையைக் கனிசியஸ் தூக்கிக்கொண்டு வர, இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் குழந்தைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தான். பயப்பட வேண்டாம், பெயர் எழுதிவிட்டு அனுப்பிவிடுவோம் என்று அரைத் தமிழில் சொன்னான். இடது புருவத்தில் சின்ன வெட்டுக்காயம் இருந்த அந்த முகத்தை யசிந்தா இன்றைக்கும் மறக்கவில்லை. தண்ணீர் தந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்துவிட்டாள்.

கனிசியஸ் தயங்கினான். யசிந்தாதான் சொன்னாள்.

“உண்மையைச் சொல்லிப் பதிஞ்சு போட்டு வாங்கோ. ஒளிச்சால் பிறகு கரைச்சல்.”

அவன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். ஏறி இருந்தவன் யன்னலால் தலையை நீட்டி, பொலித்தீன் பை ஒன்று இருக்குதோ என்று கேட்டான். பஸ் ஓடினால் அவனுக்குச் சத்தி வரும். அவள் பையைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. அவனிடமிருந்து அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

நாவலில் பஸ் இல்லை. பை இல்லை. கிடங்கும் இல்லை. நாயகன் கடைசி வசனமாக ஒன்றரைப் பக்கத்துக்குக் கடலோடு கதைக்கிறான். எதிரிகள் நிழல்களாக வருகிறார்கள், நிழல்களாகச் சாகிறார்கள், ஒருவனுக்கும் முகம் இல்லை, ஒருவனும் ஒருவருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை. எஞ்சினில் நசிந்த கனிசியஸின் வலது சுட்டுவிரல் மட்டும் அப்படியே இருந்தது. அந்த விரலால்தான் நாயகன் துப்பாக்கி விசையை அழுத்துகிறான். அந்த விரலுக்கு மருந்து கட்டியவள் யசிந்தா. அந்த இடத்தை வாசித்ததும் அவள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

ஆனால் மகள் லவீனா அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. இத்தனை வருஷமும் தகப்பனைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காத பிள்ளை. சின்ன வயதில் தாயோடு காணாமற்போனவர்களுக்கான போராட்டப் பந்தலில் தகப்பனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இருந்துவிட்டு, எட்டாம் வகுப்போடு இனி வரமாட்டேன் என்று நின்றுகொண்டவள். இப்போது பள்ளிக்கூடத்தில் நூற்றெழுபத்திரண்டாம் பக்கத்தைப் பாடமாக்கி ஒப்புவித்தாளாம். வகுப்பே அழுததாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பிள்ளையின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை யசிந்தா அதற்கு முன் கண்டதில்லை.

ஐப்பசி கடைசியில், வியாழக்கிழமை, சோற்றுக்கோப்பையை வைத்துக்கொண்டு லவீனா சாதாரணமாகச் சொன்னாள். இந்தமுறை சேமக்காலைப் பூசைக் கடுதாசியைத் தானே எழுதிக் கோயிலில் கொடுத்துவிட்டாளாம். அப்பாவின் பெயரை முதலாவதாகப் போட்டாளாம்.

யசிந்தா கை கழுவாமலே எழும்பிக் கோயிலுக்குப் போனாள். பாதர் நல்ல மனிதர். அவருக்கும் சங்கடம். அவரும் புத்தகத்தை வாசித்திருந்தார், உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். எழுதியவர் கற்பனை என்று ஒரு வரி தந்தால் பெயரை எடுத்துவிடலாம், ஆனால் முதலில் மகளோடு கதையுங்கள், கோயிலில் வைத்துப் பிள்ளைக்கு அது தெரியவரக் கூடாது என்றார். பூசை ஞாயிறு பின்னேரம். இடையில் இருந்தது இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகாமல் பலாலி வீதி பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனாள். பிரகலாதன் அவளைக் கண்டதும் பூரித்துப்போனார். கதிரையைத் துடைத்துவிட்டார், தேத்தண்ணிக்குச் சொன்னார், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக் காட்டப் போனார். யசிந்தா புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

“சேர், ஏன் அவரைச் சாக்காட்டினனீங்கள்?”

அவர் கடிதங்களை அடுக்கி ஒருபக்கம் வைத்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். சண்டை நடந்த காலம் முழுக்கத் தான் கொழும்பில் ஒரு வங்கியில் இருந்ததாகவும், கிட்ட நின்று ஒரு வெடிச்சத்தம் கேட்டதில்லை என்றும், தனக்குத் தெரிந்த யுத்தமெல்லாம் எந்தெந்த நாட்டுக்காரரோ எழுதிய நாவல்களில் வாசித்தது என்றும் சொன்னார். அவள் சொன்னபடியேதான் முதலில் எழுதிப் பார்த்தாராம். பஸ்ஸில் ஏறிப் பை கேட்கிற மனிதனோடு கதை அப்படியே நின்றுவிட்டதாம்.

“அதுக்கு அங்காலை எழுத எனக்கு ஒண்டும் இல்லை, தங்கச்சி. வாசிக்கிற சனத்துக்கு ஒரு முடிவு வேணும்.”

“எனக்கும் வேணும்தான், சேர்” என்றாள் யசிந்தா.

மனிதர் தலையைக் குனிந்தார். அவரோடு சண்டை பிடிக்கவென்று வழி முழுக்கச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். கெட்டவனாக இருந்திருந்தால் அத்தனையையும் கொட்டியிருப்பாள். இவரோ கேட்டவுடன் தாளை எடுத்து, நாவலின் முடிவு முழுக்கத் தன் கற்பனை, கனிசியஸ் இறந்ததற்கு எந்தச் சாட்சியமும் தன்னிடம் இல்லை என்று எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து ஒன்று மட்டும் கேட்டார்.

“இது கற்பனை எண்டால் உண்மை என்ன எண்டு பிள்ளை கேக்கும். என்ன சொல்லப் போறியள்?”

பஸ்ஸில் யசிந்தா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டது கையில் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் பயம் பிடித்தது.

சனிக்கிழமை காலையில் கடிதத்தை மகளுக்கு முன்னால் வைத்தாள். லவீனா இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை. கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தாள். அப்படியென்றால் உண்மையில் நடந்தது என்ன என்று கேட்டாள். யசிந்தா கிடங்கைச் சொன்னாள், வெளியே வந்ததைச் சொன்னாள், அப்பா பஸ்ஸில் ஏறியதைச் சொன்னாள். பை கேட்டதையும் சொன்னாள். லவீனா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டு தரம் ஓடிவந்து ஒளிச்ச மனுசன் ஏன் தானாப் போய் ஏறினவர்? ஆர் ஏறச் சொன்னது?”

யசிந்தா வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல இரண்டு நொடி போதும். பதினாறு வருஷமாக ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற சொல்தான். சொன்னால் இந்தப் பிள்ளைக்கு அலைமேல் நின்ற தகப்பனும் இல்லை, அடுப்படியில் நிற்கிற தாயும் இல்லை.

“தெரியேல்லை” என்றாள்.

“தெரியாட்டி விடுங்கோ அம்மா.” லவீனாவின் குரல் உயரவில்லை. “என்ரை வகுப்பிலை சில பேருக்கு அப்பா இருக்கினம். சில பேரின்ரை அப்பா செத்துப்போனவை. எனக்கு இரண்டும் இல்லாமல் இருந்தது. இப்ப ஒரு அப்பா கிடைச்சிருக்கிறார். பொய்யெண்டாலும் பரவாயில்லை. அவரையும் என்னட்டை இருந்து எடுக்காதேங்கோ.”

அந்தக் கடிதம் பாதரிடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனபோதும் யசிந்தாவின் கைப்பைக்குள் இருந்தது. பாதர் அவளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

பின்னேரம் சேமக்காலை முழுக்கச் சனம். மழைக்குணமாக இருந்தாலும் கல்லறைகளுக்கு வெள்ளை பூசி, பூமாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். பாதர் கடுதாசிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு பெயர்கள் வந்தன. எங்கேயோ நடுவில் ‘கனிசியஸ்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பின்னால் நின்ற லெனாட் சிலுவை போட்டுக்கொண்டான். பதினாறு வருஷம் தூக்கி வைத்திருந்த மனிதனை அவள் கையிலிருந்து கீழே இறக்க இவ்வளவு நேரம்தான் எடுத்தது.

மாமியாரின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் லவீனா புதிதாக இன்னொன்றைக் கொளுத்தி, உருகிய மெழுகைச் சொட்டவிட்டு நிறுத்தினாள். அது யாருக்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்திவிட்டுப் பூக்களைப் பிரிக்கத் திரும்பினாள்.

யசிந்தா குனிந்தாள். ஒரு ஊது போதும். யாரும் பார்க்கவில்லை. காற்றில் அணைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் வாயைக் குவித்த நேரம் பார்த்து உண்மையாகவே காற்று வந்தது. சுடர் சரிந்து, நீலமாகி, திரியை விட்டுப் போகப் பார்த்தது. போகட்டும் என்று அவள் மனம் சொன்னது. அவளுடைய இரண்டு கையும் மனத்தைக் கேட்கவில்லை. மீன் வெட்டித் தழும்பேறிய அந்தக் கைகள் தாமாகப் போய்ச் சுடரைச் சுற்றிக் கவிந்து நின்றன.

லவீனா திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ அம்மா. நூர்ந்து போயிடும்.”

யசிந்தா கிட்டப் பிடித்தாள்.